அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லாதீங்க

ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். பிடித்த வேலைதான். கூட வேலை பார்க்கும் ஒருவரோடு ஒத்துப்போவதற்குள் உயிர் போகிறது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "வயசுல பெரியவரு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா." அவரிடம் போய், "அந்தப் பொண்ணுகிட்ட மரியாதையா நடந்துக்கப்பா" என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. என் ஆதங்கமே அதுதான்.

டவுன் ஆபீஸ் என்றால் பிடிக்காத ஆளிடம் முகம் கொடுக்காமல் காலம் தள்ளிவிடலாம். இங்கே அது நடக்காது. நவம்பரில் பழம் எடுக்க ஆரம்பித்தால் பிப்ரவரி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. அரபிகா பழத்தைப் பறித்த அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலை எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க மூட்டையில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அப்புறம் அந்தக் காப்பிக்கு ருசியும் இல்லை, விலையும் இல்லை. சாயங்காலம் அவர் தராசில் எடை பார்த்துச் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும், அந்தக் கணக்குப்படி மூட்டைகள் பல்பருக்குப் போக வேண்டும். நாங்கள் இருவரும் முறைத்துக்கொண்டு நின்றால் நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிப் பறித்தவர்களின் உழைப்பு பாழாகும். அதனால் அவர் என்ன பேசினாலும் "சரிங்கண்ணே, எடை சொல்லுங்க" என்றுதான் பேசுகிறேன்.

ஆனால் மரியாதையாகப் பேசுகிறேன் என்பதற்காக எதைச் சொன்னாலும் எழுதிவிட மாட்டேன். போன சீசனில் ஒரு அக்காவின் மூட்டை. தராசு முள் 43-ஐத் தாண்டி அரைக் கிலோவில் நின்றது. அந்த அக்கா அங்கேயே நிற்கிறார், இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. இவர் "நாப்பத்துமூணு போட்டுக்க" என்றார். முள்ளைக் காட்டி, "நாப்பத்துமூணரை இருக்குண்ணே" என்றேன். "அரைக் கிலோதான, நீ என்ன கலெக்டரா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். நான் குரலை உயர்த்தவில்லை. நாற்பத்துமூன்றரை என்று எழுதி, நோட்டைத் திருப்பி அவரிடமே கையெழுத்து வாங்கினேன். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு அரைக் கிலோ என்பது காசு. ஒவ்வொரு மூட்டையிலும் அரைக் கிலோ போனால் சீசன் முடியும்போது எவ்வளவு போயிருக்கும்?

அன்றிலிருந்து எதையும் வாய்வார்த்தையாக ஏற்றுக்கொள்வதில்லை. எடை நோட்டில் இருவர் கையெழுத்தும் இருக்கும். அவர் செய்ய வேண்டிய உரக் கணக்கை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனால், "இது உங்க வேலைங்கண்ணே, நான்தான் எழுதணும்னா மேனேஜர் சொல்லட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என் வீட்டு விஷயத்தைக் கிளறினால் பதிலே கிடையாது. இதற்குத்தான் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கத்துகிற அவர் "கோவக்காரர், மத்தபடி நல்ல மனுஷன்" ஆகிவிடுகிறார்.

போன் தொல்லை தனி. ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டு நாளைக்கு எத்தனை ஆள் வருகிறது என்று கேட்பார். காலையில் கேட்டால் போதாதா? வேலை நேரம் முடிந்தால் எடுக்க மாட்டேன், களத்தில் காய்கிற காப்பி மழையில் நனைகிறது என்றால் மட்டும் எந்நேரமும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். டிசம்பரில் மலையில் எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது, காப்பி நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த ஒரு விதிவிலக்கையும் விட்டுவைக்கவில்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லாத ராத்திரியில் "களத்துல மழை" என்று கூப்பிட்டார். பதறி எடுத்தால், அதே ஆள் கணக்கு. இப்போது மழை என்றால் வாட்ச்மேன் கூப்பிட வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் வேலை நேரத்துக்கு அப்புறம் வரும் அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமையைச் சட்டமாக்கி, 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நம் நாடாளுமன்றத்தில் எம்.பி. சுப்ரியா சுலே அதையே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேர் வேலை செய்கிற இடம் என்றாலே புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதற்குக் குறைவு என்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். என் விஷயம் அந்த வகை இல்லை. தினமும் மட்டம் தட்டுவது, தன் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது, நாலு பேர் முன்னால் கத்துவது. இதற்கென்று நம்மிடம் தனிச் சட்டம் கிடையாது. மிச்சம் இருப்பது மேனேஜர் ஒருவர்தான். அவரும் "உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கங்க" என்று எழுந்து போய்விட்டால், நான் யாரிடம் போவது?

வேலையை விட்டுவிடு என்கிறார்கள் வீட்டில். ஏன் விட வேண்டும்? என் கணக்கில் தப்பு இல்லை, நடத்தையில் தப்பு இல்லை. ஏற்காட்டு மலையில் இதே மாதிரி இன்னொரு ஆபீஸ் வேலை கூப்பிட்டால் ஓடி வருமா?

எஸ்டேட் முதலாளிகளையும் மேனேஜர்களையும் கேட்டுக்கொள்கிறேன். யார் யாருக்கு என்ன வேலை, எத்தனை மணிவரை வேலை என்று தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். எடை போடும்போது பறித்தவரும் முள்ளைப் பார்க்கட்டும். ஒருவர் கத்துகிறார் என்று புகார் வந்தால், கத்துகிறவரை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள்.