கடைமடைக்காரர் பேசட்டும்



பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள் நெருங்கினால் பொள்ளாச்சி வட்டாரத்து டீக்கடைகளில் வேறு பேச்சு இருக்காது. திருமூர்த்தி அணைப் பாசனத்தில் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் தண்ணீர். அணையில் எவ்வளவு இருக்கிறது என்பது பொறியாளருக்குத் தெரியும். அது தோட்டம் வரை வந்து சேர்ந்ததா என்பது கடைமடை விவசாயிக்குத்தான் தெரியும். இரண்டு அறிவும் ஒன்றுசேர வேண்டும். பாசன சபைத் தலைவர்களை விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்ததன் பயன் அதுதான்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி (1859–1952) வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியதும் இதையே. ஒரு கருத்து சரியா என்பதை அதன் விளைவைப் பார்த்தே சொல்ல முடியும் என்பது அவர் சார்ந்த நடைமுறைவாதம். விளைவை அனுபவிக்கிறவர்கள் மக்கள். ஆகவே அவர்கள் பேசாத இடத்தில் நல்ல திட்டம்கூடத் தன் பிழையை அறியாது. 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அம்பேத்கர், இந்த டூயியின் மாணவர். ஜனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டுமல்ல, மனிதர்கள் ஒருவரையொருவர் மதித்துச் சேர்ந்து வாழும் முறை என்ற டூயியின் எண்ணத்தை அம்பேத்கர் சாதி ஒழிப்போடு இணைத்தார். அந்த இணைப்பு நமக்கு இன்றும் தேவை.

பாசன சபையில் நிலம் உள்ளவர்களுக்குத்தான் இடம். கிராம சபையோ அப்படியல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தென்னை ஏறுபவரும், களையெடுக்கும் பெண்ணும், தோப்பு உரிமையாளரும் அங்கே சம உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களே பல ஊர்களில் அதிகம். காலனித் தெருவின் குடிநீர்க் குறையை அங்கே வசிப்பவர் எழுந்து சொல்லாவிட்டால், அது எந்தத் தீர்மானத்திலும் ஏறாது.

அடுத்த கூட்டத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். பக்கத்துத் தெருக்காரரையும் அழைத்துச் செல்லுங்கள். போன கூட்டத்தின் தீர்மானம் எந்த அளவில் நிற்கிறது என்று கேளுங்கள். வந்த பதிலை எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்