வயசான காலத்துல ஹோம் லோன்: சாவியைக் குடுத்துட்டு வந்துடலாமா?

தலைப்பைப் பார்த்ததும் எங்க ஊர்ப் பெரியவங்க முதல்ல கேக்கறது, "கடனைக் கட்டாம ஓடச் சொல்றியா தம்பி?" என்பதுதான். இல்லைங்க. ஓடச் சொல்லலை, விக்கச் சொல்றேன். கட்ட முடியாதுன்னு தெரிஞ்ச பிறகும் மூணு வருஷம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதை விட, முடியாதுன்னு தெரிஞ்ச மாசமே வீட்டை வித்துட்டு வெளியே வர்றது மானக்கேடு இல்லைங்கறது என் கட்சி.

அமெரிக்காவுல மொபைல் ஹோம்னு ஒண்ணு இருக்கு. ஃபேக்டரியில செஞ்சு கொண்டுவந்து இறக்கற வீடு. வீடு உங்களுது, நிலம் பெரும்பாலும் வேற ஒருத்தருது. நம்ம ஊர்ல கோயில் அடிமனையில வீடு கட்டி வருஷாவருஷம் மனை வாடகை கட்டறாங்களே, கிட்டத்தட்ட அந்தக் கதை. இந்த வீட்டுக்குக் கடன் பல சமயம் வாகனக் கடன் மாதிரிதான் கிடைக்கும். வட்டி ஜாஸ்தி, வீட்டு மதிப்போ வருஷாவருஷம் இறங்கும். அங்க எழுபது வயசுக்காரங்க சிலர் கடனையும் வாடகையையும் சேர்த்துக் கட்ட முடியாம, போதும்டா சாமின்னு விட்டுட்டுப் போறாங்க. 2008 சமயத்துல சாதாரண வீட்டுக்காரங்களே சாவியைக் கவர்ல போட்டு பேங்குக்கு அனுப்பினாங்க. அங்க சில மாநிலங்கள்ல வீட்டை எடுத்துக்கிட்டா கணக்கு முடிஞ்சது, மீதிக்குத் துரத்த முடியாது.

இங்க அது நடக்காது. நம்ம சட்டத்துல வீட்டை ஏலம் விட்டும் பாக்கி இருந்தா, மீதிக்கும் உங்க மேல வழக்கு போடலாம். அதனால "சாவியைக் குடுத்துட்டேன், ஆளை விடு"ங்கற வசனம் கடலூர்ல செல்லாது.

இஞ்சினியர் புத்தி, கணக்குப் போடாம இருக்க முடியலை :) 20 லட்சம், 7 சதவீதம், 15 வருஷம்னா இஎம்ஐ சுமார் 17,980 ரூபாய். 2022 மே மாசம் 4 சதவீதமா இருந்த ரெப்போ ரேட் 2023 பிப்ரவரியில 6.5 ஆச்சு. கடன் வட்டியும் அதே அளவு ஏறி 9.5 ஆனதா வெச்சுக்குங்க. 20 லட்சத்துக்கு ஒரு மாச வட்டியே 15,833. அசலுக்குப் போறது ரெண்டாயிரம் சொச்சம்தான். இஎம்ஐயை ஏத்தாம அப்படியே விட்டா 180 மாசக் கடன் சுமார் 270 மாசமாயிடும். 58 வயசுல வாங்கினவர் 73ல முடிப்போம்னு நினைச்சிருப்பார், கணக்கு 80ஐத் தாண்டும். இஎம்ஐயை ஏத்தறதா, தவணைக் காலத்தை நீட்டறதான்னு வாடிக்கையாளரைக் கேக்கணும்னு ரிசர்வ் வங்கி 2023ல தனியா உத்தரவு போட வேண்டி வந்ததே இதனாலதான்.

மஞ்சக்குப்பம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்டு வாத்தியார். பையன் பேர்ல கடன், இவர் கோ-அப்ளிகண்ட். பையனுக்கு வேலை போச்சு, இவர் பென்ஷன்ல பாதி இஎம்ஐக்குப் போச்சு. பிபி மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கார். ஏன் சார் விக்கலைன்னு கேட்டா, "தெருவுல என்ன நினைப்பாங்க?"

தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னா பேங்க் நடவடிக்கைதான் இருக்கறதுலயே மோசமான வழி. 90 நாள் தவணை நின்னா கணக்கு வாராக்கடன். 2002ல வந்த சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். (ஆட்சேபணை எழுதிக் குடுத்தா 15 நாள்ல பதில் சொல்லியாகணும், இதைக்கூட முக்காவாசிப் பேர் பயன்படுத்தறதில்லை.) அப்புறம் சுவாதீன அறிவிப்பை வாசல்லயே ஒட்டுவாங்க, ரெண்டு பேப்பர்லயும் போடுவாங்க, அதுல ஒண்ணு உள்ளூர் பாஷை. அதாவது தெரு மொத்தமும் காலையில டீக்கடையில படிக்கும். 2016 திருத்தத்துக்கு அப்புறம் மொத்தப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கறதும் ஏல விளம்பரம் வர்ற வரைக்கும்தான்.

இதே வீட்டை நீங்களே வித்தா? பேங்க்ல பாக்கித் தொகைக்கு லெட்டர் வாங்கி, வாங்கறவர் அந்தப் பணத்தை நேரா பேங்குக்குக் கட்டி, பத்திரத்தை விடுவிச்சுப் பதிவு பண்ணிக்கலாம். தினம் நடக்கற விஷயம். ஃப்ளோட்டிங் வட்டின்னா முன்கூட்டி முடிக்க அபராதமும் கிடையாது. 30 லட்சத்துக்கு வித்து 18 லட்சம் பாக்கி போனாலும் 12 லட்சம் கையில. அதுல ஒரு பகுதியைப் போட்டு சிதம்பரத்துல வீதிகளைத் தள்ளி போக்கியத்துக்கு ஒரு சின்ன வீடு, மீதி சீனியர் சிட்டிசன் சேமிப்புல. ஏலத்துல 22 லட்சத்துக்குப் போனா, வட்டி, செலவெல்லாம் கழிச்சு என்ன மிஞ்சும்னு நீங்களே போட்டுப் பாருங்க. மிஞ்சறது உங்களுக்குத்தான் சேரணும்னு சட்டம் சொல்லுது, சரி. மிஞ்சணுமே!

"சொந்த வீடு போச்சுன்னா பையனுக்கு என்ன விட்டுட்டுப் போவேன்?"னு கேப்பாங்க. கடனோட இருக்கற வீட்டுல பாதி பேங்கோட வீடு. என்னை மாதிரி பசங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வரிச்சலுகைக்கும் எலிஜிபிலிட்டிக்கும் அப்பாவோட பென்ஷனைக் காட்டி அவரை கோ-அப்ளிகண்ட் ஆக்காதீங்க. நாம வேலை மாறுவோம், ஆன்சைட் போவோம், திரும்பி வருவோம். அவருக்கு ரெண்டாவது இன்னிங்ஸ் கிடையாது.

கடனே இல்லாத வீடு இருக்கறவங்களுக்கு 2007 பட்ஜெட்ல ப.சிதம்பரம் (ஊர் இல்லைங்க, நிதியமைச்சர்) ரிவர்ஸ் மார்ட்கேஜ்னு ஒண்ணு அறிவிச்சார். 60 வயசு தாண்டினவங்க வீட்டை அடமானம் வெச்சா பேங்க் மாசாமாசம் நமக்குப் பணம் குடுக்கும். உயிரோட அங்க இருக்கற வரைக்கும் திருப்பிக் கட்ட வேண்டாம். கடைசியில கடன் வீட்டு விலையைத் தாண்டினாலும் வாரிசுகிட்ட கேக்கக் கூடாதுன்னு தேசிய வீட்டுவசதி வங்கியோட விதி. அமெரிக்காக்காரன் சாவியைக் குடுத்துட்டுப் போற வசதிக்கு நம்ம ஊர்ல கிட்டக்க வர்றது இது ஒண்ணுதான். ஆனா நம்மாளுங்க அதிகம் சீண்டலை. காரணம் அதே தெருதான், வேற என்ன.

வாரிசுங்க பயப்படற இன்னொண்ணு: அப்பா போயிட்டா கடன் என் தலையிலயா? நீங்க கோ-அப்ளிகண்ட்டோ ஜாமீனோ போடலைன்னா, அவர்கிட்டேருந்து உங்களுக்கு வந்த சொத்தோட அளவுக்குத்தான் பொறுப்பு. உங்க சம்பளத்துல கை வைக்க முடியாது. ரிக்கவரி ஏஜென்ட் வந்து வேற மாதிரி பேசினா, எழுத்துல குடுங்கன்னு கேளுங்க.