விதைக்காமல் அறுக்கும் நாடகங்கள்

பரிசளிப்பு விழாக் காலம் வந்துவிட்டால் ஆசிரியர் அறையில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: "இந்த ஆண்டு நாடகத்துக்கு என்ன கருத்து வைக்கலாம்?" யாருக்கு என்ன சிக்கல் என்று எவரும் கேட்பதில்லை. நாடகம் அங்கேயே செத்துவிடுகின்றது என்பது என் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பயிற்றுவித்த நாடகமும் அத்தகையதே. (குற்றத்தை முதலில் என்மீதே சுமத்திக்கொள்கிறேன்.) குடிகாரத் தந்தை, அழும் தாய், படிக்க ஏங்கும் மகன். பத்தாம் நிமிடத்தில் தலைமையாசிரியர் வேடமணிந்த மாணவன் வந்து நான்கு வரி அறிவுரை கூறுவான். தந்தை உடனே திருந்திவிடுவார். கைத்தட்டல்! ஒத்திகையின்போது தாய் வேடமேற்ற ஐந்தாம் ஆண்டு மாணவி மெல்லக் கேட்டாள்: "நாலு வார்த்த சொன்னா எப்படி டீச்சர் குடிய நிறுத்துவாங்க?" விடை கூற இயலாமல் நின்றேன்.

அச்சிறுமி கேட்டது நாடக இலக்கணக் கேள்வி. நாமோ அவ்விலக்கணத்தைக் கதை, கதைமாந்தர், உரையாடல், களம், முரண், உச்சம், முடிவு எனப் பட்டியலாக்கி மனனம் செய்விக்கின்றோம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நானும் அப்படித்தான் எழுதித் தேறினேன்.

சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளைக் கூறுகின்றார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். அவர் இவற்றை விளக்கும் முறை ஓர் உழவனுடையது. உழுத நிலத்தில் இட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொள்வது கருப்பம். கதிர் திரண்டு முற்றுவது விளைவு. அறுத்து, அடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களைப் பேருந்துச் சன்னல்வழிக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய பாடம் வேறு உண்டா? முதற்காட்சியில் விதைக்காதது இறுதிக்காட்சியில் விளையாது. நம் மேடைத் தலைமையாசிரியரின் அறிவுரையோ கடையில் வாங்கிய அரிசி!

இது பழம்பெருமைப் பேச்சன்று. 1926-இல் விபுலானந்த அடிகள் தம் 'மதங்க சூளாமணி'யில் சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு நாடக இலக்கணத்தை ஆராய்ந்து காட்டினார்.

"சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவு எதற்கு? தேர்வுக்கு வருமா?" என்பர். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே நீக்கப்பட்ட பின்னரும் இதே பேச்சுதான். பெற்றோரோ, தம் பிள்ளைக்கு எத்தனை வரி வசனம் என்று எண்ணுகின்றனர்.

நம் கோலா குபு பாருவையே எடுத்துக்கொள்வோம். 1883 அக்டோபரில் அணை உடைந்து பழைய கோலா குபுவைப் பெருவெள்ளம் வாரிச் சென்றது. ஆங்கிலேய அதிகாரி செசில் ரேங்கிங் உயிரிழந்தார். ஆற்றின் காவலாகக் கருதப்பட்ட வெள்ளை முதலையை அவர் சுட்டதே காரணம் என்பது ஊர் வழக்கு. அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்னும் பெயர் இன்றும் அவ்விடத்திற்கு உண்டு. துப்பாக்கியை எடுக்கும் அதிகாரி. வேண்டாமெனத் தடுக்கும் ஊரார். விதை விழுந்துவிட்டது. மழை வலுக்கின்றது. அணையில் கசிவைக் கண்டவன், தன் சொல்லை முன்பே தள்ளிய அதிகாரியிடம் மீண்டும் போவானா? நான்கு மாணவரும் ஒரு பெஞ்சும் போதும். அணை உடைந்தபின் எவரும் வந்து அறிவுரை கூற வேண்டியதில்லை.

கேள்வி கேட்ட மாணவியிடம், "முடிவை நீயே எழுதிப் பார்" என்றேன். அவள் முதற்காட்சியையும் மாற்றிவிட்டாள்! சப்பாத்து வாங்குவதற்காகத் தந்தை மகனின் காலடியைத் தாளில் வைத்து வரைகின்றார். மடித்துச் சட்டைப் பையில் வைக்கின்றார். இறுதிக்காட்சியில், குடிக்கக் காசு தேடும் அவர் கையில் அந்தத் தாள் அகப்படுகின்றது. விரித்துப் பார்த்து அப்படியே அமர்கின்றார். வசனமில்லை. திருந்தினாரா என்பதும் இல்லை.

விழாக் குழுவினர் படித்துவிட்டு, "கருத்து எங்கே?" என்றனர். பழைய நாடகமே மேடையேறியது.