ஈயச் சொம்பும் எரிவாயுத் தொட்டியும்

ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றலாகாது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ரஸம் உள்ள மட்டும் சொம்புக்குக் கேடில்லை. வற்றிவிட்டாலோ ஈயம் உருகி ஓடிவிடும். இந்த அடுக்களை ஞானம் பிரான்சு தேசத்தில் 18 உயிர்களைக் காக்கப் பயன்பட்டிருக்கக்கூடும் என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

லியோன் நகருக்குத் தெற்கே ஃபெய்ஸின் என்னுமிடத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்று உண்டு. 1966-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி காலை, திரவ புரொப்பேன் நிறைந்த உருண்டைத் தொட்டியின் அடியில் மாதிரி எடுக்க முனைந்தார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வால்வுகள். மேல் வால்வை முதலில் திறந்து, கீழ் வால்வினால் அளவாக விட வேண்டும். வரிசை மாறிற்று. முதலில் ஏதும் வரவில்லை. அடைப்பு நீங்கியதும் திரவம் பீறிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் அது. அந்தக் குளிரில் வால்வு உறைந்து, மூட இயலாமற் போயிற்று.

புரொப்பேன் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ஆகவே அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, வெளியே சாலையில் வந்த மோட்டார் வண்டியிடம் தீப்பற்றியது. அந்தத் தீ திரும்பி வந்து தொட்டியின் அடியில் நின்று எரிந்தது.

தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்தார்கள். தைரியத்துக்குக் குறைவில்லை. எரியும் தொட்டியை அதன் ஸேப்டி வால்வு காக்கும் என்று நம்பி, பக்கத்துத் தொட்டிகள் மீது தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஸேப்டி வால்வும் திறந்துகொண்டது. ஆனால் அது அழுத்தத்தைத் தணிக்குமே அன்றி இரும்பைக் குளிர்விக்காது! திரவ மட்டம் இறங்க இறங்க, ஆவி மட்டுமே தொடும் மேற்பகுதி காய்ந்து இளகிற்று. தீப்பற்றிய சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தொட்டி பிளந்து வெடித்தது. மாண்ட 18 பேரில் தீயணைப்பு வீரர்கள் பலர்.

அதன் பிறகு தொட்டிகளின் உச்சியிலேயே தண்ணீர்க் குழாய்களைப் பொருத்தினார்கள். கசிவு அடியில் தேங்காதபடி தரையைச் சரிவாக்கினார்கள். ஆனால் சாலையிற் செல்லும் டாங்கர் லாரிக்கு இந்தப் பாக்கியம் ஏது? 2012 ஆகஸ்டில் கண்ணூரை அடுத்த சாலாவில் ஒரு டாங்கர் கவிழ்ந்தபோது, வாயு வீடுகள் வரை பரவித் தீப்பற்றி 20 பேர் மாண்டனர். நம் ஜனங்களுக்கோ, லாரி கவிழ்ந்தால் கூட்டம் கூடாவிடில் பொழுது போகாது. டாங்கரைச் சுற்றி வெண்பனி போல் படரக் கண்டால், மோட்டாரைக் கிளப்பாமல், விளக்கேற்றாமல், காற்று வரும் திசை நோக்கிக் கால்நடையாகவே வெகுதூரம் போய்விட வேண்டும்.