ஒரே ஆட்டத்தோடு முடிந்துபோகும் ஆண்டு

அமெரிக்காவில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவர் ஒவ்வொரு நவம்பரிலும் தொலைபேசியில் அழைத்து ஒரு கணக்குச் சொல்வார். அவருடைய மகன் படிக்கும் கல்லூரியின் கால்பந்து அணி தன் கான்ஃபரன்ஸில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, மிச்சமிருக்கும் இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வென்றால் எந்த ஊர்ப் பந்தயத்துக்கு அழைப்பு வரும், இரண்டையும் தோற்றால் என்ன ஆகும் என்கிற கணக்கு. நானும் அவரும் மதுரையில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். சென்ற முறை பேச்சோடு பேச்சாக, "நாம் படித்தபோது நம் கல்லூரி அணி எத்தனையாவது இடத்தில் இருந்தது?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியே இல்லை. அப்படி ஒரு பட்டியல் இருந்ததில்லை.

அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதன் அமைப்புமுறை மட்டும்தான் இங்கே நமக்கு வேண்டியது. பெரிய கல்லூரி அணி ஒவ்வொன்றும் பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறது. அவற்றில் ஆறில் வென்றால் போதும், பருவம் முடிந்தபின் நடக்கும் 'பௌல்' பந்தயம் ஒன்றுக்குத் தகுதி கிடைத்துவிடும். இவற்றுள் மூத்தது பாசடீனாவின் ரோஸ் பௌல். 1902இல் முதலில் ஆடப்பட்டது. பின்னர் 1935இல் நியூ ஆர்லியன்ஸ் சர்க்கரையின் பெயராலும் மயாமி ஆரஞ்சின் பெயராலும், 1937இல் டல்லஸ் பருத்தியின் பெயராலும் பந்தயம் தொடங்கின. ஓர் ஊர் தன் விளைச்சலின் பெயரில் இரண்டு கல்லூரிகளை அழைத்து ஆடச்சொல்லி வேடிக்கை பார்ப்பது எவ்வளவு அழகான வழக்கம்!

அந்த அமைப்பு குற்றமற்றது என்று நான் வாதிட வரவில்லை. யார் முதலிடம் என்பதை அவர்கள் நெடுங்காலம் வாக்கெடுப்பால் தீர்மானித்தார்கள். 1998 முதல் 2013 வரை வாக்கையும் கணினிக் கணக்கையும் கலந்து பார்த்தார்கள். 2014இல் நான்கு அணி, 2024இல் பன்னிரண்டு அணி என்று விரித்தார்கள். 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி பதின்மூன்று ஆட்டத்திலும் வென்றும் அந்த நால்வரில் ஒன்றாகத் தேர்வாகவில்லை. ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டும் உரிமையைப் பெற்றதே 2021இல்தான். இந்த வணிகமும் அநீதியும் நமக்கு வேண்டாம். ஆனால் அங்கே கடைசி இடத்து அணிக்குக்கூடப் பன்னிரண்டு ஆட்டம் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

இங்கே என்ன நடக்கிறது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எல்லை மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்கள். நம் பக்கத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான குழு ஆட்டங்கள் பெரும்பாலும் நாக் அவுட் முறையில்தான் நடந்து வந்திருக்கின்றன. முப்பத்திரண்டு அணிகள் பெயர் கொடுத்தால் மொத்தம் முப்பத்தோரு ஆட்டம். பதினாறு அணிகள் ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்பும்.

எங்கள் காலத்தில் தேனிப் பக்கத்துக் கல்லூரியில் ஒரு கோல்கீப்பர் இருந்தான். ஆண்டு முழுவதும் விடியற்காலைப் பயிற்சி. பந்தயத்துக்கு மதுரை வந்தான். ஆட்டம் பெனால்டியில் போயிற்று. மாலைப் பேருந்தில் திரும்பிப் போனான். மூன்றாண்டுப் படிப்பில் அவன் ஆடியது ஐந்து ஆட்டமோ ஆறோ. பல்கலைக்கழக அணிக்கு ஆளெடுப்பவர்கள் அவனை எங்கே, எப்போது பார்த்திருக்க முடியும்? இது வெறும் ஏக்கமல்ல, பிழைப்பைத் தொட்ட விஷயம். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கென்றே தனிச் சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது. அந்தக் காகிதம் இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கும் பட்டியல் கிடையாது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிகளிலும் தொடக்கச் சுற்றுகள் நாக் அவுட்டாகவே நடக்கின்றன. கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும் லீக். அதாவது, ஒரே ஆட்டத்தை வைத்துத் தரத்தை முடிவுசெய்யக்கூடாது என்பது நடத்துகிறவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த நியாயம் மேலே உள்ள நால்வருக்கு மட்டும் ஏன்? 1934இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பையும் முதலில் நாக் அவுட்தான். 1957-58இல் மண்டலங்களுக்குள் லீக் வந்தது. அதற்கென்று யாரும் குடிமுழுகிப் போகவில்லை.

என் யோசனை எளியது. நான்கு மாவட்டங்களையும் நான்கு பிரிவாக வையுங்கள். பிரிவுக்கு எட்டு அணி என்றால் ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டம் கிடைக்கும். மழைக்கும் பருவத் தேர்வுக்கும் முன்பாக, ஜூலை முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமைகளில் முடித்துவிடலாம். மாவட்டத்துக்குள்ளேயே பயணம் என்பதால் காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பலாம். தங்குமிடச் செலவு இல்லை. முதல் இரண்டு இடத்து அணிகள் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கூடட்டும். மூன்றாம் நான்காம் இடத்தவருக்கும் ஊருக்கு ஒன்றாக ஒரு கடைசி ஆட்டம் இருக்கட்டும். திருமங்கலத்தில் மல்லிகைக் கிண்ணம், கம்பத்தில் திராட்சைக் கிண்ணம் என்று பெயர் வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். முப்பத்தோரு ஆட்டம் நடந்த இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு லீக் ஆட்டமும் அதன்மேல் இறுதிச் சுற்றும் நடத்தவேண்டும்; நடுவர்களுக்குப் பணம் தரவேண்டும். படிப்பு கெடும் என்பார்கள். வாரம் ஒரு சனிக்கிழமையால் கெடும் படிப்பு எதனாலும் கெடும். பார்க்க ஆள் வராது என்பது மூன்றாவது ஆட்சேபம். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2018இல் மதுரை அணி திண்டுக்கல்லை இறுதியாட்டத்தில் வென்றபோது நம் ஊர் டீக்கடைகளில் புள்ளிப்பட்டியல் பேசாதவர் யார்? பட்டியலைக் கொடுத்தால் நம் ஜனங்கள் பேசுவார்கள், பந்தயம் கட்டுவார்கள், ஜோசியமும் சொல்வார்கள்.

ஓர் அணி அடுத்த வாரம் வெல்லுமா தோற்குமா என்று ஊரில் நாலு பேர் சண்டை போடுவதற்கு, முதலில் அந்த அணிக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கவேண்டும். தேனிக்காரனுக்கு அது இருந்ததில்லை. இனி வருகிறவனுக்காவது இருக்கட்டும்.