மொட்டை மாடியும் கரண்ட் பில்லும்

பங்குனி முடிவதற்குள்ளேயே சென்னையில் ஏ.சி. கடைகளில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். ஒரு டன்னா ஒன்றரை டன்னா, மூன்று ஸ்டாரா ஐந்து ஸ்டாரா, மாதத் தவணை எவ்வளவு என்று குடும்பமே நின்று விவாதிக்கும். வீட்டுக்குள் வெப்பம் எந்த வழியாக வருகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மேல் மாடி வீடு என்றால் அது பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. கோடையின் நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் சுவர்களை விட மொட்டை மாடிதான் வெயிலை முழுசாக வாங்குகிறது. கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே கீழே விடாது. பகலெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, வெளியே கடற்காற்று வீசும் நேரமாகப் பார்த்து உள்ளே இறக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் அனல் காற்றைத் தள்ளுவதன் ரகசியம் இதுதான். ஏ.சி. வாங்கி மாட்டினாலும் அது பாதி நேரம் அந்தக் கூரையோடுதான் மல்லுக்கட்டுகிறது.

பழைய கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு அடுக்கு போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். இப்போது செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பல இடங்களில் வெறும் சிமெண்ட் பூச்சோடு முடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட மாடிக்கு இரண்டு கோட் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், உண்மைதான். ஆனாலும் ஒரு ஏ.சி.யின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவா? அகமதாபாத் தன் வெப்ப அலைத் திட்டத்தில் வெள்ளைக் கூரையைச் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா 2023ல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. (கீழ் மாடிக்காரர்களுக்கு இதில் லாபமில்லை. அவர்கள் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டலாம். உள்ளே திரை போட்டுப் பிரயோஜனமில்லை, வெயில் கண்ணாடியைத் தாண்டி ஏற்கனவே உள்ளே வந்தாயிற்று.)

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு அப்போது பில் 1725 ரூபாயாக இருந்தது. 510 ஓடியிருந்தால் 2030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்! 500ஐத் தாண்டினால் குறைந்த விலைப் படி பறிபோவதுதான் காரணம். 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 22 யூனிட்கூட ஆகாது. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஒரு ஃபேனே முடிவு செய்துவிடும். ஏ.சி.யையும் 18ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். பழைய ரக கம்ப்ரஸர் 18 வைத்தாலும் 24 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18ல் நிற்காமல் ஓடும், அதுதான் வித்தியாசம். ஸ்டார் போட்ட புது ஏ.சி.க்கள் ஆன் செய்ததும் 24ல் நிற்க வேண்டும் என்று 2020லிருந்து விதியே இருக்கிறது. ரிமோட் கையில் கிடைத்ததும் அதை முதலில் மாற்றுவது வீட்டிலுள்ளவர்கள்தான்.

சரி, இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் மாடிகள் வெள்ளையாகவில்லை? மாடி ஒருவருடையது, பில் இன்னொருவருடையது என்பதால். வீட்டுக்காரர் கீழே இருக்கிறார், அவருக்குச் சுடுவதில்லை. வாடகைக்கு இருப்பவர் சொந்தக் காசில் அடுத்தவர் கூரைக்கு வெள்ளையடிக்க யோசிக்கிறார், பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தால் அவர் அங்கே இருப்பாரா என்பதே தெரியாது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலிக்கும் வீடுகளில், குடியிருப்பவருக்கு இலவச யூனிட்டும் கிடையாது. பில் ஏறினால் வீட்டுக்காரருக்கு நஷ்டமும் கிடையாது. பூச வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, பைப்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுபோல், ஒருமுறை மாடி ஏறிப் பார்க்கலாம். "இந்தத் தை மாசம் வெள்ளையடிச்சுக் கொடுங்க, பாதி செலவு நாங்க போட்டுக்கறோம்" என்று அப்போதே கேட்டால் ஒத்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் உண்டு. குடியேறிய பிறகு, கத்திரி வெயிலில் போய்க் கேட்டால், "ஒரு ஏ.சி. மாட்டிக்கோங்களேன் சார்" என்றுதான் பதில் வரும்.