மஞ்சள் காமாலை என்றாலே குடியா?

எச்.ஐ.வி.க்கு மாத்திரை தொடங்கி ஆறு வாரத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிறது, சோறு இறங்கவில்லை. முகவரியில் காலனி என்று பார்த்ததும் வரும் முதல் கேள்வி: “எவ்வளவு குடிப்பே?” குடிப்பழக்கத்தைக் கேட்பது மருத்துவம்தான், அதில் எங்களுக்குச் சண்டையில்லை. பதிலைக் கேட்காமலே முடிவை எழுதுவது சாதி.

தோழர்களே, இதைத் தெரிந்துகொள்வோம். எச்.ஐ.வி. உள்ளவரின் கல்லீரலில் ஹெபடைடிஸ் பி கிருமியும் இருக்கலாம். எதிர்ப்பாற்றல் சரிந்து கிடக்கும்வரை உடல் அதனோடு மல்லுக்கட்டுவதில்லை. ஏ.ஆர்.டி. தொடங்கியதும் எதிர்ப்பாற்றல் எழுந்து, கிருமி புகுந்த கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. முதல் மூன்று மாதங்களுக்குள்தான் இது அதிகம் நடக்கிறது. பலருக்குத் தானே அடங்கிவிடும். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியவருக்கு உயிரே போகலாம். காசநோய் மாத்திரையும் சேர்ந்து ஓடினால் எது காரணம் என்று பிரித்தறிய ரத்தப் பரிசோதனை வேண்டும், ஊர்ப்பெயர் உதவாது.

“குடிகாரனுக்கு மாத்திரை எதுக்கு” என்று விரட்டுவதில்தான் பெரிய ஆபத்து. அரசு இலவசமாகத் தரும் டி.எல்.டி. மாத்திரையிலுள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்குபவை. திடீரென நின்றால் அந்தக் கிருமி திமிறி எழும். அவமானப்பட்டுத் திரும்பியவர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கீழாநெல்லியை நம்பினால் குற்றம் யாருடையது? எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை ஏ.ஆர்.டி. மைய மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்யட்டும். மாத்திரை தொடங்கும் முன்பே ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் செய்யப்பட்டனவா என்று உடன் போகிறவர்கள் கேளுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக் குப்பையில் கிடக்கும் ஊசி யார் கையில் குத்துகிறது? ஊசிக்குத்தில் எச்.ஐ.வி.யைவிடப் பன்மடங்கு எளிதாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இல்லை, இதற்கு இருக்கிறது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018-லேயே வந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. தொற்று ஆபத்துள்ள மருத்துவப் பணியிடத்தில் பாதுகாப்பு தரவும் சொல்கிறது. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றத் தெரிந்த அரசு, மூன்று தவணை ஊசியை ஒப்பந்தக்காரர் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துகொள்ள முடியாது.

உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், அவர்களில் மூன்று தவணையும் போட்டவர்கள் எத்தனை பேர்?